கோப்புகள் இருந்த கதிரை

எங்கள் அரசாங்கக் கந்தோரில் என் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை இருக்கிறது. இரும்புக் கால், பலகை இருக்கை, ஒற்றைக் கையால் தூக்க முடியாத பாரம். அலுவலாக வருகிற சனம் இருப்பதற்கென்று போட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதன்மேல் கோப்புகள் அடுக்கியிருந்தன. அவற்றை நான் எடுக்கவில்லை. புதிதாக வந்தவற்றையும் மேலே வைத்தேன், சில நாட்களில் கைப்பையையும் வைத்தேன். வந்தவர்கள் நின்றபடி கதைத்துவிட்டுப் போனார்கள். நிற்கிற ஆள் கெதியாகக் கதைத்து முடிக்கும் என்பது எங்கள் கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

இத்தனைக்கும் நான் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவள். மேடையில் ஒரு மனிதன் எங்கே நிற்கிறான், எங்கே இருக்கிறான் என்பதில் எல்லாம் இருக்கிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள். அதற்கு அரசாங்கம் தந்த வேலை, கோழிக்குஞ்சு யாருக்குக் கொடுத்தது, தென்னங்கன்று யாருக்குக் கொடுத்தது என்று பட்டியல் போடுவது. எனக்குக் கோபம் வருவதற்கு இது ஒன்றே போதும். ஆனால் வேறு காரணங்களும் வந்து சேர்ந்தன.

ஊரின் கலை விழாவுக்கு ஒரு நிகழ்ச்சி செய்து தரும்படி, விழாவுக்குப் பொறுப்பாக இருந்த சக உத்தியோகத்தர் என்னைக் கேட்டார். மாதர் சங்கத்துப் பெண்களை வைத்துக் 'கிராமியமாக' ஏதாவது. உரல், உலக்கை, சுளகு, பின்னால் ரெஜிபோம் நுரை அட்டையில் வெட்டி வர்ணம் பூசிய ஒரு குடிசை. எல்லாவற்றையும் அவரே மனதில் கட்டி முடித்திருந்தார்.

"இஞ்சை இப்ப ஆர் உரலிலை இடிக்கினம்?" என்று கேட்டேன். "மில்லிலை குடுத்து அரைக்கிற சனத்துக்கு உலக்கையைக் குடுத்துக் குத்தச் சொல்லிப் பாக்கப் போறியளோ?"

"உமக்கு எல்லாத்திலையும் குறை," என்றார். "அப்ப என்ன செய்யப் போறீர்?"

அந்தப் பெண்கள் வயலுக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் போகிற இடம் எதுவென்று யோசித்தேன். கந்தோர். கந்தோரைப் பற்றி நாடகம் போடப்போகிறேன் என்றேன். சோடனை இல்லை, பாட்டு இல்லை, பின்னால் ஒன்றும் தொங்காது. உண்மையில் கையில் என்ன இருக்குமோ அது மட்டும்தான் மேடையில் இருக்கும். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

முன்பள்ளிக் கட்டடத்தில் முதல்நாள் ஒத்திகைக்கு ஏழு பெண்கள் வந்தார்கள். கந்தோரைப் பற்றிய நாடகம் என்றதும் அடுத்தநாள் மூன்று பேர். அதற்கடுத்த நாள் ஒருவர். மற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாருடைய ஏதோ ஒரு கடதாசி எங்கள் அலுமாரியில் கிடந்தது.

தங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். மலைநாட்டில் கலவரம் நடந்த காலத்தில், நடக்கத் தெரியாத குழந்தையாக லொறியில் இங்கே வந்தவர். தகப்பன் காடு வெட்டினார், இவர் கிணறு வெட்டினார். அந்தக் காணியில் வாழை நிற்கிறது, கச்சான் கடலை போடுகிறார், மூன்று தடவை இடம்பெயர்ந்தும் அதே காணிக்குத்தான் திரும்பி வந்தார். ஆனால் கடதாசியில் அந்தக் காணி அவருடையது அல்ல. பேமிற், அதாவது காணி அனுமதிப்பத்திரம், கேட்டு எழுதிக் கொடுத்து வருடங்கள் போய்விட்டன. அக்கராயன் பக்கம் வயல் வேலைக்குப் போகிற நாட்களிலும் பேமிற் அலுவலுக்கென்று ஒரு நாளை ஒதுக்கி வைத்திருப்பார். அந்த நாளில் எங்கள் கந்தோருக்கு வந்து நிற்பார்.

"கந்தோருக்கு வந்தவுடனை முதல் என்ன செய்வீங்கள் அக்கா?" என்று கேட்டேன். நாடகத்தை எங்கிருந்து தொடங்குவது என்று அறியத்தான் கேட்டேன்.

"செருப்பக் கழட்டி வெளிய வைப்பேன் மிஸ்."

"ஏன்? கழட்டச் சொல்லி அங்கை எழுதேல்லையே."

"எழுதலதான். எல்லாரும் கழட்டித்தான் வைக்கிறோம்."

எங்கள் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒவ்வொரு நாளும் நான் தாண்டித்தான் உள்ளே போவேன், என் செருப்புடன். ஒருநாளும் அதை யோசித்ததில்லை. அந்தச் செருப்புகளிலிருந்தே நாடகம் தொடங்கியது.

கதை சின்னது. ஒரு பெண் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடதாசிகள் உள்ள ஒரு பையுடன் கந்தோருக்குள் வருகிறாள். நிற்கிறாள். நாளைக்கு வா என்கிறார்கள். கால் கடுக்கிறது. பக்கத்தில் ஒரு வெறும் கதிரை. யாரும் இரு என்று சொல்லவில்லை. அவள் இருந்துவிடுகிறாள். அதிகாரி வந்து எழும்பச் சொல்கிறார். "பைல எடுங்க சேர், எடுத்ததும் எந்திரிக்கிறேன்" என்கிறாள் அவள். பைல் என்றது அவளுடைய கோப்பை. அதற்குமேல் என்ன சொன்னாலும் அவள் எழும்புவதில்லை. அவ்வளவுதான். ஒரு கதிரை, ஒரு பை, ஒரு சோடி செருப்பு.

அதிகாரியாக நடிக்க ஓர் ஓட்டோக்கார அண்ணை வந்தார். முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிறந்தவர். கோயில் கூத்தில் ராசா வேசம் கட்டியவர், குரல் இரண்டு வளவுக்குக் கேட்கும். ஒத்திகையில் அவர் உள்ளே வந்தார். வந்தார் என்பதைவிட வரவு எடுத்தார் என்பதுதான் சரி. வலக்காலை எறிந்து, தோளை வெட்டி, மேடையை ஒரு வட்டம் சுற்றி, பிறகுதான் கதிரைக்குக் கிட்ட வந்து சேர்ந்தார்.

"அண்ணை, இது கந்தோர். கொலுமண்டபம் இல்லை."

"அதிகாரி எண்டால் ராசாதானே தங்கச்சி," என்றார்.

அவர் அப்படி வந்த உடனேயே அக்கா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். கூத்து நடையைக் கைவிடச் செய்ய எனக்கு நாலு நாள் பிடித்தது. கையில் ஒரு கைபேசியைக் கொடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே யாரையும் பார்க்காமல் நடந்து வரச் சொன்னேன். அப்போது அச்சு அசலாக எங்கள் அதிகாரியாகவே இருந்தார். அக்கா முன்னதைவிட வேகமாக எழும்பினார்.

நாடகம் முழுவதும் அவர் எழும்பாமல் இருப்பதில்தான் தங்கியிருந்தது. அவரோ எழும்பிக்கொண்டே இருந்தார். வசனம் பிழைக்கவில்லை, முகம் பிழைக்கவில்லை. கதவுப் பக்கம் காலடி கேட்டால் எழும்பிவிடுவார். எழும்பிய பிறகுதான் எழும்பியது அவருக்கே தெரியும்.

"நான் எந்திரிக்கல மிஸ். முட்டி தானா எந்திரிக்குது."

ஓட்டோ அண்ணை ஒரு யோசனை சொன்னார். சேலைத் தலைப்பைக் கதிரையோடு முடிந்துவிட்டோம். அண்ணை உள்ளே வந்தார். அக்கா பிளாஸ்ரிக் கதிரையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றார். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அடங்கியதும் அக்கா முடிச்சை அவிழ்த்தார்.

"இது வேணாம் மிஸ். கட்டி வச்சா நான் உக்காந்த மாதிரி ஆகாது."

எனக்குப் பொறுமை குறைவு. விழா கிட்டிக்கொண்டிருந்தது. அன்று கத்திவிட்டேன். "எழும்பாட்டி என்ன செய்யப் போகினம்? உங்களை ஆர் அடிக்கப் போகினம்?"

அவர் கோபிக்கவில்லை. எனக்குப் பாடம் எடுக்கவும் இல்லை. ஒரு விபரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். "அடிக்கிறவங்களுக்கு எந்திரிக்கத் தேவையில்ல மிஸ். கையெழுத்துப் போடுறவங்களுக்குத்தான் எந்திரிக்கணும்."

அன்று பின்னேரம் வெட்கம் பிடித்துப்போய் வீட்டுக்கு வந்தேன். வெட்கம் வந்தால் நான் ஏதாவது ஒரு வேலையில் இறங்கிவிடுவேன். பிளாஸ்ரிக் கதிரை சரிவராது, பாரமான கதிரை வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்தநாள் காலை கந்தோருக்கு வேளைக்குப் போய் என் மேசைக்கு முன்னாலிருந்த கதிரையைக் காலி செய்யத் தொடங்கினேன். தும்மல் வந்தது. மேலே இருந்தவை நான் வைத்தவை. கீழே இருந்தவை எனக்கு முந்தியவை. அடியிலிருந்து நாலாவது கோப்பைத் தூக்கியபோது அதன் மட்டையில் அக்காவின் பெயர் இருந்தது.

அவர் கொடுத்த விண்ணப்பம், வரைபடம், கிராம அலுவலரின் கடிதம், எல்லாம் சரியாக இருந்தன. ஒரு குறையும் இல்லை. அதிகாரியிடம் அனுப்பினால் கையெழுத்து, அவ்வளவுதான் பாக்கி. அது என் கதிரையில் இருந்தது. அவர் எத்தனையோ தடவை வந்து அதற்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில், நின்றிருக்கிறார். "தேடிப் பாக்கிறன் அக்கா, அடுத்த கிழமை வாங்கோ" என்று அவருக்குச் சொன்னது நான்தான். பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னதில்லை. தேடவில்லை, அவ்வளவுதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அன்றே ஒரு குறிப்பு எழுதி அந்தக் கோப்பை அதிகாரியின் மேசையில் வைத்தேன். பின்னேரம் கதிரையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு முன்பள்ளிக்குப் போனேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்.

"அக்கா, உங்கடை பைல் இந்தக் கதிரையிலைதான் கிடந்தது. இவ்வளவு காலமும்."

அவர் கதிரையைச் சுற்றி வந்தார். பலகையில் கோப்புகள் கிடந்த அடையாளம் நாற்சதுரமாக வெளிறித் தெரிந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அப்ப அது உக்காந்திருந்திருக்கு," என்றார். "நான்தான் நின்னுக்கிட்டிருந்திருக்கேன்."

பிறகு என்னைப் பார்க்காமல் அதில் இருந்தார். ஓட்டோ அண்ணை வெளியே போய், கைபேசியைப் பார்த்தபடி உள்ளே வந்தார். அக்கா எழும்பவில்லை. அண்ணை திரும்பவும் போய் வந்தார். எழும்பவில்லை. மூன்றாம் தடவை அண்ணை தன் ராசா குரலை எடுத்து "எழும்பு" என்று அதட்டினார். பக்கத்து வளவில் நாய் குரைத்தது. அக்கா பையை மடியில் வைத்து, "பைல எடுங்க சேர், எடுத்ததும் எந்திரிக்கிறேன்" என்றார். அந்தக் கோபத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என்மேல் வந்த கோபம்.

விழாவுக்கு முதல்நாள்தான் அழைப்பிதழ் கைக்கு வந்தது. பிரதம விருந்தினர் எங்கள் அதிகாரி. அக்காவின் கோப்பு அவருடைய மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவர் முன்னால் மேடையில் இவர் எழும்பாமல் இருக்க வேண்டும். பிழைத்தால் எனக்குக் கிடைப்பது ஒரு இடமாற்றம். வவுனியாவுக்குப் போட்டால் பஸ்ஸில் போய்வரலாம். அக்காவுக்குப் பிழைத்தால் போவது காணி. இது சமமான துணிச்சல் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"அக்கா, நாளைக்கு அவரும் வருவார். உங்களுக்குப் பயமெண்டால் எழும்புங்கோ. நாடகம்தானே."

"நீங்க சொல்லி எந்திரிக்கிறதும் வேணாம், நீங்க சொல்லி உக்கார்றதும் வேணாம் மிஸ்," என்றார். "நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் பொதுநோக்கு மண்டபத்துக்குப் போனால், மேடையின் பின்பக்கம் மயில் படம் போட்ட பெரிய பதாகை தொங்குகிறது. ஓரத்தில் ரெஜிபோம் குடிசை. பொறுப்பான உத்தியோகத்தர் அதற்கு ஒரு வாழைமரமும் செய்து வைத்திருந்தார். குடிசையை நானும் ஓட்டோ அண்ணையும் இரண்டு பக்கமும் பிடித்து வெளியே கொண்டுபோய் வைத்தோம். பதாகையைச் சுருட்டினேன்.

"வெறும் மேடையோ? சனம் என்ன நினைக்கும்? இதெந்த இடம் எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார் பொறுப்பானவர்.

"செருப்பைக் கழட்டினவுடனை தெரியும்," என்றேன்.

விருந்தினர் நேரத்துக்கு வரவில்லை. விளக்கேற்றாமல் விழா தொடங்காது. தூர இடங்களிலிருந்து வந்த பெண்கள் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். சிலர் எழும்பிப் போகவும் பார்த்தார்கள். அப்போதுதான் பொறுப்பானவர் என்னிடம் ஓடி வந்தார்.

"சேர் வருமட்டும் சனத்தைப் பிடிச்சு வைக்க வேணும். உம்மடை அதைப் போடும். சேர் வந்தவுடனை நிப்பாட்டிப்போட வேணும், விளங்குதோ?"

உம்மடை அது. அதற்கு ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. நான் தலையாட்டிவிட்டுக் கதிரையை மேடையின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். வெறும் மேடையில் அது இன்னும் பாரமாகத் தெரிந்தது.

அக்கா வந்தார். மேடையின் ஓரத்தில் நின்று, குனிந்து, செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். முன்வரிசைக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தார். பிறகு அந்த வரிசை, பிறகு மண்டபம். அந்தச் சிரிப்பை நான் நன்றாகக் கேட்டேன். தங்கள் வீட்டு விசயம் வெளியே வந்ததைப் பார்த்த சிரிப்பு அது. எந்த இடமென்று யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை.

அவர் நின்றார். பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றக் காலைத் தேய்த்தார். கதிரையைப் பார்த்தார், பார்க்காததுபோலத் திரும்பினார். அவர் மெல்ல அதன் நுனியில் இருந்தார், பிறகு கதிரை நிறைய இருந்தார். ஓட்டோ அண்ணை கைபேசியைப் பார்த்தபடி வந்தார். "எழும்பு," என்றார், மெதுவாக, உண்மையான அதிகாரிகள் சொல்வதுபோல. அக்கா வாயைத் திறந்தார்.

அப்போதுதான் வெளியே வாகனம் வந்து நின்றது. கதவு திறந்தது. எங்கள் அதிகாரி, அவருக்குப் பின்னால் மாலைத் தட்டுடன் இரண்டு பேர், முன்னால் பாதை விலக்கிக்கொண்டு பொறுப்பானவர். கதிரைகள் ஒரே நேரத்தில் நிலத்தில் உரசின. முழு மண்டபமும் எழும்பி நின்றது. குழந்தையை மடியில் வைத்திருந்தவர்களும் எழும்பினார்கள். மேடையில் ஓட்டோ அண்ணை கைபேசியைப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டுக் கைகட்டிக்கொண்டார்.

பொறுப்பானவர் மேடையைப் பார்த்துக் கையைக் காட்டினார். "காணும், காணும். நிப்பாட்டுங்கோ. அக்கா எழும்புங்கோ, சேர் வந்திட்டார்."

அக்கா எழும்பவில்லை. பையை மடியில் இழுத்து வைத்தார். மண்டபத்தின் நடுப்பாதையில் வந்துகொண்டிருந்த அதிகாரியை நேராகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"பைல எடுங்க சேர். எடுத்ததும் எந்திரிக்கிறேன்."

நாடகம் எங்கே முடிந்தது, விழா எங்கே தொடங்கியது என்று யாருக்கும் பிடிபடவில்லை. அதிகாரி பாதி வழியில் நின்றார். மாலைத் தட்டுக்காரர்களும் நின்றார்கள். அவருக்குப் பழக்கமில்லாத ஒன்று அங்கே நடந்தது: அவர் நிற்கிறார், அவருக்கு முன்னால் மேலே ஒரு பெண் இருக்கிறார். ஒரு கணம் யோசித்துவிட்டு, சின்னதாகச் சிரித்து, நல்லது நல்லது என்பதுபோலத் தலையாட்டி, முன்வரிசைக்குப் போய் இருந்தார். அவர் இருந்ததும் சனமும் இருந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள், பெண்கள் பக்கம் முழுக்கத் தட்டினார்கள்.

அக்கா அப்போது மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் கண்டேன். மேடைப் படியில் இருந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்த நான் எழும்பி நிற்கிறேன். சேலையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எப்போது எழும்பினேன் என்று தெரியாது. எல்லாரும் இருந்த பிறகும் நின்றது நான் ஒருத்திதான். எழும்பியதற்காக அவரைப் பார்த்துக் கத்தியதை நினைத்துக் கூசிப்போய்ப் படியில் இருந்தேன்.

திங்கட்கிழமை என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நாடகத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கந்தோருக்குச் சொந்தமான கதிரை ஒன்றை அனுமதியின்றி வெளியே கொண்டுபோனது ஏன் என்று கேட்டிருந்தது. பொதுமக்கள் இருப்பதற்கென்று தரப்பட்ட கதிரை, அதில் பொதுமக்களில் ஒருவர் இருந்தார், வேறு பாவனை நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் வாசித்துவிட்டு, "உமக்கு விசர்," என்றார். இருக்கலாம்.

புதன்கிழமை அக்கா வந்தார். கந்தோருக்குள் கால் வைத்தவரைப் பார்த்து வாசல் காவலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் காலில் செருப்பு இருந்தது. சீமெந்து நிலத்தில் அது தட்டுகிற சத்தத்தை அந்தக் கந்தோர் முதல்தடவையாகக் கேட்டது. நேராக என் மேசைக்கு வந்தார். கதிரை காலியாக இருந்தது. யாரும் இருங்கோ என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருந்தார். பையை மடியில் வைத்தார்.

"பைல எடுங்க மிஸ்," என்றார். சிரிக்கவில்லை.

நான் எழும்பி அதிகாரியின் அறைக்குப் போனேன். கையெழுத்து இல்லை. அடுத்த புதனும் போனேன், அதற்கடுத்த புதனும் போனேன். இதை எழுதுகிற இன்றுவரை கையெழுத்து வரவில்லை. அக்கா வருவதை நிறுத்தவில்லை. வருகிறார், இருக்கிறார், நான் எழும்பிப் போய்க் கேட்கிறேன். நான் திரும்பி வரும்வரை அந்தக் கதிரையில் இருந்து எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன கிழமை அதிகாரி வெளியே வந்தபோது என் மேசையடியில் நின்றார். அக்கா இருந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இதிலை இருந்த பைல் எல்லாம் எங்கை?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"நிலத்திலை வைச்சிருக்கிறன் சேர்," என்றேன். "கதிரையிலை ஆள் இருக்கினம்."